பழைய பேப்பரும் நாலாம் லைனும்

மாமனாருக்குத் திதி என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே புவனேந்திரன் சுங்கை ரம்பாய்க்குக் காரை எடுத்தார். மாமனார் கண்ணை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு திதிக்காவது மருமகன் போய்த் தலை காட்டியதில்லை. இந்த வருஷம் மட்டும் பாசம் பொங்கிவிட்டது. அதுவும் ஃபேக்டரியில் நாலாம் லைனைக் கழுவிப் புதிதாக ஓட்டுகிற திங்கட்கிழமையாகப் பார்த்து.

அவர் ஏன் போனார் என்பது அக்காள் அன்னம்மாவுக்கும் தெரியும், அவள் மகள் திலகவதிக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெம்பானில் இருக்கும் தன் வீட்டுக் கூடத்தில் நின்றுதான் அவர் வாயாலேயே சொன்னார். ஃபேக்டரி கான்டீனில் திலகவதி நடத்துகிற வகுப்பைப் பற்றி மேனேஜருக்குப் புகார் எழுதிப் போட்டது வேறு யாருமில்லை, தாய்மாமனாகிய தான்தான் என்று.

"உனக்கு வேலை வாங்கிக் குடுத்ததும் நான்தான், எழுதிப் போட்டதும் நான்தான். படிச்சவதானே நீ? திங்கக்கெழம நான் இருக்க மாட்டேன். ஓட்டிக் காட்டு."

அன்று திலகவதி சோற்றைத் தொடவில்லை. வீடு மாமா வாங்கியது. அப்பா போனபின் அம்மாவும் மகளும் குடியிருக்கும் பின்னறை மாமா கட்டிக் கொடுத்தது. தட்டில் இருந்த சோறும் மாமா வீட்டுச் சோறு. கோபப்படக்கூட இடம் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமையோடு ஃபேக்டரியில் அவளுடைய ஆறு மாதத் தற்காலிக எஞ்சினியர் வேலை முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் நிரந்தரக் கடிதம் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் வாசல் திறந்திருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று பெயருக்கு ஒரு பட்டம், கையில் இன்னும் தீராத படிப்புக் கடன். அந்தக் கடிதம் வந்தால்தான் பின்னறையை விட்டு வெளியேற ஒரு வழி.

ஆறேகாலுக்கு ஃபேக்டரி பஸ்ஸுக்காகப் பையை எடுத்துக்கொண்டு வந்த அன்னம்மா, குளிர்ப்பெட்டிக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். அதன் தலையில் தம்பி படிக்கப் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடி கிடந்தது. கூடத்து மேசையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பேப்பரைக் காணவில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், செருப்பை மாட்டினாள்.

கையுறை ஃபேக்டரி ஜாசின் போகும் சாலையில் இருக்கிறது. உள்ளே நீளமான தொட்டி நிறைய ரப்பர் பால். சங்கிலியில் தொங்கும் பீங்கான் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் முங்கி எழும். ஒட்டிய பால் அடுப்பில் காய்ந்தால் கையுறை. புவனேந்திரன் நாலாம் லைனுக்குச் சூப்பர்வைசர். அங்கே நுழைந்து பத்தொன்பது வருஷம். அன்னம்மா பதினாலு வருஷமாகத் தண்ணீர் டெஸ்ட்டில். கையுறையைக் குழாயில் மாட்டி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் பார்த்து, சொட்டுகிறதா இல்லையா என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஏன் சொட்டுகிறது என்று அவளை யாரும் கேட்டதில்லை.

திலகவதி கேட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம். காலை ஷிஃப்ட் இரண்டரைக்கு முடியும். வீட்டுக்குப் போகும் பஸ் மூன்று மணிக்குத்தான் எடுக்கும். நடுவில் கிடைக்கும் அரைமணியில் கான்டீன் சுவரில் மாஜோங் தாள் என்கிற பெரிய வெள்ளைத் தாளை ஒட்டி, கையுறையில் ஓட்டை எப்படி விழுகிறது என்று படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தாள். முதல் நாள் மூன்று பேர். போன வாரம் முப்பது பேர். தமிழர், மலாய்க்காரர், இரண்டு நேப்பாளிகள்கூட. வராத ஒரே ஆள் அன்னம்மா. கடைசி மேசையில் மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பால் சேர்க்காத தே ஓ குடிப்பாள். கேட்டால், "வீட்டுக்குப் போனா ஒன் மாமன் மொகத்துல நான்தான் முழிக்கணும்" என்பாள்.

மாமா பிறவியிலேயே கருமி இல்லை. குடும்பம் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டு எல்லாரையும் வெளியே அனுப்பியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. முதலில் சேர்ந்த ஃபேக்டரியில் பக்கத்து லைன்காரனுக்கு வேலை முழுவதையும் மனசாரச் சொல்லிக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் அவன் சூப்பர்வைசர் ஆனான். நாலு வருஷம் அவனை 'பாஸ்' என்று கூப்பிட்டுக்கொண்டு இவர் இரவு ஷிஃப்ட் பார்த்தார். வேலை தெரிந்தவன் வாயைத் திறந்தால் வேலை போச்சு என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டவர், இன்று வரைக்கும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லைனைக் கழுவுவார்கள். திங்கள் காலை தொட்டியில் புதுப் பால் இறங்கும். அப்போது மாமா எல்லாரையும் "போய்ப் பசியாறிட்டு வாங்க" என்று விரட்டிவிட்டு, அக்குளில் பேப்பரைச் செருகிக்கொண்டு இருபது நிமிடம் தனியாக உள்ளே இருப்பார். பாஸ் ராசிபலன் படிக்கிறார் என்று ஒரு கேலி உண்டு. ஆனால் திரும்பி வரும்போது லைன் சொன்னபடி ஓடும். ஒரு தடவை அவர் டெங்கி காய்ச்சலில் படுத்தபோது மூன்று நாள் கையுறை எல்லாம் சல்லடை. மேனேஜர் கோ பழக்கூடையோடு மருத்துவமனைக்கே போனார். அந்தப் பழக்கூடையின் படம் இன்னும் மாமாவின் கைப்பேசியில் இருக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை பேப்பரும் இல்லை, மாமாவும் இல்லை. எட்டு மணிக்கு லைன் ஓடியது. ஒன்பதரைக்கு அன்னம்மா எண்ணிப் பார்த்துவிட்டு மகளிடம் தாளை நீட்டினாள். எண்பது கையுறையில் பதினேழு சொட்டுகிறது. மூன்றுக்கு மேல் போனாலே மொத்தப் பெட்டியையும் ஒதுக்கிவிட வேண்டும்.

மேனேஜர் மாமாவுக்குப் போன் போட்டார். பிண்டம் இன்னும் வைக்கவில்லை, ஐயர் இப்போதுதான் வந்தார், முடித்துவிட்டு வருகிறேன் என்று பதில் வந்தது. குரலில் அவசரமே இல்லை.

திலகவதி தொட்டியருகே போய் நின்றாள். நோய் என்னவென்று அவளுக்குத் தெரியும். பால் மேலே மிதக்கிற சின்னக் குமிழிகள். அது பீங்கான் விரலில் ஒட்டி, காயும்போது வெடித்து, ஊசி முனை அளவுக்கு ஓட்டையை விட்டுப் போகும். நுரையைக் கொல்லும் மருந்தைப் போன மாதமே ஊற்றிப் பார்த்தாள்; கையுறையில் மீன் கண் மாதிரிப் புள்ளி விழுந்து இன்னும் கெட்டது. ஆறு மணி நேரம் தொட்டியை அசையாமல் விட்டால் குமிழி தானே அடங்கும். ஆறு மணி நேரம் லைனை நிறுத்தினால் அவளையும் நிறுத்திவிடுவார்கள். இருபது நிமிடத்தில் மாமா எப்படி முடிக்கிறார்? நாலு வருஷம் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

அவள் நேரே தண்ணீர் டெஸ்ட் அறைக்குப் போனாள். லைன் லீடர் சாஹிராவும் கையைத் துடைத்தபடி பின்னாலேயே வந்தாள். பெம்பானில் மளிகைக்கடை வைத்திருக்கும் இப்ராஹிமின் மகள். வாய்த் துடுக்குக்கு அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

திலகவதி சுற்றி வளைக்கவில்லை. தனக்குக் குமிழி வரைக்கும்தான் தெரியும், அதற்கு மேல் தெரியாது என்றாள். திங்கட்கிழமைகளில் மாமாவிடம் யார் எதைப் பார்த்திருந்தாலும், எவ்வளவு அற்பமாக இருந்தாலும் சொல்லச் சொன்னாள்.

சாஹிரா யோசித்தாள். "ஒவ்வொரு திங்களும் குப்பைத் தொட்டியில ஒரு பேப்பர் உருண்டை கெடக்கும்லா. எடுத்தா ரப்பராட்டம் இழுபடும். பாஸ் மூக்கு சிந்திப் போட்டதுன்னு நெனச்சு நான் ஒரு வருஷமா அத இடுக்கியில எடுத்துக்கிட்டு இருக்கேன்."

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அன்னம்மா சிரிக்கவில்லை. குழாயில் தொங்கிய கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு வருஷம் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"அம்மா," என்றாள் திலகவதி. "ஒங்களுக்கு என்னமோ தெரியுது."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி. தெரியாட்டி விடுங்க."

அவள் திரும்பி நடந்தாள். கதவைத் தொடும்போது பின்னால் குரல் வந்தது. தணிந்த குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"கண்ணாடி."

"என்னம்மா?"

"அவனுக்குக் கண்ணாடி இல்லாட்டி ஓர் எழுத்துத் தெரியாது. திங்கக்கெழம மட்டும் பேப்பரை எடுத்துக்குவான், கண்ணாடியக் குளிர்ப்பெட்டி மேல வச்சிட்டுப் போவான். வருஷக்கணக்கா பாக்குறேன். இன்னிக்குத் திதிக்குப் போறவன் நேத்துப் பேப்பரக் காடி சீட்டுல வச்சிக்கிட்டுப் போறான். கண்ணாடி வீட்டுல. படிக்கிறதுக்கு இல்லடி அந்தப் பேப்பர்."

சொல்லி முடித்ததும் அன்னம்மா முந்தானை இல்லாத சீருடையில் எதையோ தேடினாள், முகம் துடைக்க. தம்பியைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். இருக்க இடம் கொடுத்தவன். அவன் வீட்டு அடுப்பில்தான் இன்றைக்கும் சாயங்காலம் அவள் உலை வைக்க வேண்டும்.

ஆனால் சொன்னது சொன்னதுதான். பேப்பர், உருண்டை, குமிழி. மூன்று பேரிடம் மூன்று துண்டாகக் கிடந்தது ஒரே அறையில் ஒன்றாகச் சேர்ந்ததும் திலகவதிக்குப் புரிந்தது. பேப்பரைப் பால் மேல் விரித்து இழுக்கிறார் மனிதர். குமிழி முழுக்கப் பேப்பரோடு வந்துவிடுகிறது. பத்தொன்பது வருஷம் ஒரு கம்பெனியையே ஆட்டி வைத்தது இரண்டு வெள்ளிக் காசுக்கு விற்கும் பேப்பர்.

லைனை நிறுத்தச் சூப்பர்வைசருக்கோ மேனேஜருக்கோ மட்டும்தான் அதிகாரம். திலகவதி மேனேஜர் அறை இருக்கும் பக்கம்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். சங்கிலி முனகி நின்றது. யார் நிறுத்தியது என்று எழுதவேண்டிய புத்தகத்தில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாஹிரா எட்டிப் பார்த்துவிட்டு அதன் கீழே தன் பெயரையும் எழுதினாள்.

பேப்பருக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. இந்தக் காலத்தில் யார் பேப்பர் வாங்குகிறார்கள்? கடைசியில் கான்டீனில் பீசாங் கோரெங் என்கிற வாழைப்பழப் பொரியலை மடித்துக் கொடுக்கிற மலாய் அம்மாவிடம் ஒரு கட்டு கிடைத்தது. மாமா தமிழ்ப் பேப்பர்தானே போடுவார், மலாய்ப் பேப்பருக்குப் பால் கட்டுப்படுமா என்று சாஹிரா கேட்டாள். எண்ணெய் படாததாகப் பார்த்து எடுத்தால் போதும், மொழியைப் பால் பார்க்காது என்றாள் திலகவதி.

மாமா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுச் செய்ததை அவள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுச் செய்தாள். லைன் நின்றதால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பதினைந்து பேரையும் தொட்டியைச் சுற்றி நிற்க வைத்தாள். பாலைச் சுற்றிவிடும் கலக்கியை நிறுத்தினாள். தாளை முழுதாக விரித்து, ஒரு முனையைச் சாஹிராவும் மறு முனையை அவளும் பிடித்து, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு இழுத்தார்கள். முதல் தாள் நடுவில் கிழிந்து பாலில் விழுந்தது. இரண்டாவது தாளுக்குத் தானே கை கொடுக்கிறேன் என்று முன்னால் வந்தாள் ஒரு நேப்பாளிப் பெண். மூன்றாவது தாள் முழுதாக வந்தது; அதன் அடியில் மீன் முட்டை மாதிரி அப்பிக்கொண்டிருந்தன குமிழிகள். அந்தத் தாளைத் திலகவதி கைக்குக் கை மாற்றிவிட்டாள். எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு லைன் மறுபடி ஓடியது. பன்னிரண்டரைக்கு அன்னம்மா எண்ணினாள். எண்பதில் மூன்று.

யாரோ கை தட்டினார்கள். அன்னம்மா மட்டும் அந்த மூன்று கையுறையையும் விளக்குக்கு எதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றும் சுண்டுவிரல் பக்கம். தம்பி ஓட்டினால் ஒன்றுக்கு மேல் போகாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

திலகவதி ஒரு மாஜோங் தாளை எடுத்துத் தமிழிலும் மலாயிலும் நாலு வரி எழுதித் தொட்டிக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டினாள். கான்டீன் சுவருக்கு இன்னொரு பிரதி. ரகசியத்துக்கு வயது பத்தொன்பது வருஷம்; அதை ஒட்ட ஆன நேரம் நாலு நிமிடம்.

இரண்டேகாலுக்கு மேனேஜர் கோ கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்துத்தான் போனாள். ஆனால் மனிதர் நாற்காலி இழுத்துப் போட்டார், கெட்டிக்காரி என்றார், பொத்தானை அமுக்கியதைப் பெரிதுபடுத்தவில்லை என்றார். மேசையில் நிரந்தரக் கடிதம் தயாராக இருந்தது. சம்பளம் சொன்னதைவிட முந்நூறு வெள்ளி அதிகம்.

கடைசிப் பத்தியைத்தான் அவள் இரண்டு தடவை படித்தாள். வேலை முறைகள் எதையும் மேலிடத்தின் அனுமதி இல்லாமல் ஊழியர்களுக்குக் கற்பிக்கக் கூடாது. தெரிந்துகொண்டதை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி மேனேஜரிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டும். வாயால் அவர் சேர்த்துக்கொண்டது இன்னொன்று: தூணில் இருக்கும் தாளைக் கிழித்துவிட்டு வந்து கையெழுத்துப் போடலாம்.

ஏன் என்று கேட்டாள். விவரம் தெரிந்துவிட்டால் எதிரே இருக்கிற கம்பெனிக்கு ஓடிவிடுவார்கள், இல்லாவிட்டால் திறனுக்குத் தகுந்த கிரேடு கேட்பார்கள் என்றார். மறைக்காமல் சொன்னதற்காகவாவது அவரை மெச்ச வேண்டும்.

"எங்கம்மா பதினாலு வருஷமா இங்கதான் இருக்காங்க, மிஸ்டர் கோ," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "ஒரு கையுறை ஏன் ஒழுகுதுன்னு ஒருத்தராவது அவங்களுக்குச் சொன்னீங்களா? ஒருத்தராவது அவங்களக் கேட்டீங்களா? இன்னிக்கு உங்க லைனை ஓட வச்சது அவங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி வரைக்கும் அறையில்தான் இருப்பேன் என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் அவளுக்கு எரிந்தது.

கடிதத்தை மடிக்காமல் கையில் பிடித்தபடி திலகவதி படியிறங்கினாள். வீராவேசம் படி முடிகிறவரைக்கும்தான் தாங்கியது. கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாள். மாமா முகத்தில் கரியைப் பூசியாகிவிட்டது. வேலையும் போனால் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கே போவது? அம்மா இதுவரைக்கும் எதற்காவது ஆசைப்பட்டாளா? வாழ்நாளில் ஒரு தடவை வாயைத் திறந்தாள், அதுவும் மகள் பிடுங்கியதால். இனியும் அவளைப் பணயம் வைப்பது நியாயமில்லை. கான்டீனுக்குப் போய் இன்றோடு வகுப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுவிடலாம். முதலில் காலூன்றுவோம், மற்றதை அப்புறம் பார்ப்போம். எத்தனையோ பேர் எத்தனையோ படியில் நின்று இதே சமாதானத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கான்டீன் கதவருகே வந்தவளுக்கு உள்ளே போக வழியில்லை. நாற்பது பேருக்குக் குறையாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த முதுகுகளுக்கு அப்பாலிருந்து வந்த குரல் அவள் குரல் இல்லை.

"நடுவெரல்ல ஒழுகுனா அது பால்ல உள்ள குமிழி முத்து. ரெண்டு வெரலுக்கு நடுவுல ஒழுகுனா பீங்கான் கைய ஒழுங்காக் கழுவல. தெங்கோக் சினி, இங்க பாரு. மணிக்கட்டுல ஒழுகுனா அடுப்புச் சூடு. எந்த ஓட்ட எங்கேருந்து வருதுன்னு என்னால கண்ண மூடிக்கிட்டுச் சொல்ல முடியும். கேக்கத்தான் ஆளில்ல."

அன்னம்மா. ஒரு கையில் தண்ணீர் நிறைந்து தொங்கும் கையுறை, மறு கையில் மூடி திறந்த மார்க்கர் பேனா. சுவரில் இருந்த மாஜோங் தாளில், மகள் எழுதிய நாலு வரிக்குக் கீழே, குழந்தை வரைந்த மாதிரி ஐந்து விரல் கோணல்மாணலாக நின்றது. மலாய்ப் பெண்களிடம் மலாய் பாதி, தமிழ் பாதி. நேப்பாளிகளிடம் வெறும் விரல். யாரோ சந்தேகம் கேட்டார்கள். அன்னம்மா கையுறையைத் தூக்கிப் பிடித்து அழுத்தினாள். மெல்லிய நீர்க்கோடு ஒன்று பீய்ச்சிச் சாஹிராவின் கன்னத்தில் அடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது அன்னம்மா.

அம்மா இப்படிச் சிரித்து மகள் பார்த்ததில்லை. இந்த ஆசையை இத்தனை வருஷம் எந்த மூலையில் ஒளித்து வைத்திருந்தாளோ.

அன்னம்மா மகளைப் பார்த்துவிட்டாள். கூச்சப்பட்டாள். ஆனால் பேனாவைக் கொடுக்கவில்லை.

"நீ வர நேரமாச்சு. சும்மா இருக்க முடியல, அதான்."

கூட்டம் திடீரென்று அடங்கியது. திலகவதிக்குப் பின்னால் கதவில் புவனேந்திரன் நின்றுகொண்டிருந்தார். வேட்டி, நெற்றி நிறைய விபூதி, அக்குளில் சுருட்டிய நேற்றைய பேப்பர். கம்பெனி கெஞ்சட்டும் என்று மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு ஆற அமரக் கிளம்பியிருக்கிறார். வரும் வழியில் லைனை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ட முகம் அவருடையது.

யாரும் 'பாஸ்' என்று கூப்பிடவில்லை. வழி மட்டும் விட்டார்கள். அவர் சுவர் வரைக்கும் நடந்து போய்த் தாளுக்கு முன்னால் நின்றார். தலையைப் பின்னால் சாய்த்தார், முன்னால் நீட்டினார், கண்ணைச் சுருக்கினார். கண்ணாடி குளிர்ப்பெட்டி மேல் இருந்தது.

அக்காளுக்குப் புரிந்தது. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கலாம். அவள் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"நான் படிக்கிறேன் தம்பி. கேளு."

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். ஒன்று, பால் இறங்கியதும் கலக்கியை நிறுத்து. இரண்டு, பேப்பரை முழுதாக விரித்து ஒரே இழுப்பாக இழு. மூன்று, இழுத்ததும் கலக்கியை மறுபடி போடு. நாலு, பத்து நிமிடம் பொறுத்து லைனை விடு.

மாமாவின் மீசைக்கடியில் என்னவோ அசைந்தது. சிரிப்பு. வலிக்கிற இடத்தைத் தொட்டால் வருமே, அந்தச் சிரிப்பு.

"மூணாவது வரி தப்பு."

நாற்பது தலையும் மூன்றாவது வரிப் பக்கம் திரும்பியது.

"எத்தன ஒழுகுச்சு?" என்று அவரே கேட்டார்.

"மூணு," என்றாள் அன்னம்மா. "மூணும் சுண்டுவெரல் பக்கம்."

அவர் அக்காளை நிமிர்ந்து பார்த்தார். ஓட்டை எந்தப் பக்கம் என்று அவள் கவனித்திருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

"எது சரி மாமா?" திலகவதி கேட்டாள். "நாங்க திருடிட்டோம்னு நெனச்சுக்கோங்க. திட்டுங்க. ஆனா எது சரின்னு சொல்லிட்டுத் திட்டுங்க."

"சொல்லிட்டா நான் யாரு?"

அது கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். நாற்பது பேர் முன்னால், வேட்டியோடு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

அதற்குப் பதில் அன்னம்மாவிடம் இருந்தது. "இப்ப நீ யாரு?" என்றாள். "திங்கக்கெழமயானா எங்களையெல்லாம் வெளிய தொரத்திட்டு, கதவச் சாத்திக்கிட்டுத் தனியா நிக்கிறவன். அவ்வளவுதான தம்பி." சொல்லிவிட்டுக் காலால் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

வெளியே பஸ்காரர் ஹாரன் அடித்தார். மூன்று மணி. ஒருவர்கூட நகரவில்லை. சாஹிரா மட்டும் ஜன்னல் பக்கம் போய், பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு வந்தாள்.

திலகவதி கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். நல்ல கனமான தாள். கம்பெனி முத்திரை, முந்நூறு வெள்ளி, கடைசிப் பத்தி எல்லாம் ஒரு பக்கம்தான். மறு பக்கம் வெறுமையாக இருந்தது. அம்மாவிடம் கையை நீட்டினாள். இப்போது அன்னம்மா பேனாவைக் கொடுத்தாள்.

கடிதத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்து, கான்டீனின் கடைசி மேசைக்கும் தெரிகிற எழுத்தில், 'மூன்றாவது வரி தப்பு. சரியானது:' என்று எழுதினாள். அதற்குக் கீழே இடம் விட்டாள். எழுந்து போய் மாஜோங் தாளின்மேல், மூன்றாவது வரி மறைகிற மாதிரி நாலு மூலையிலும் பசைநாடா போட்டு ஒட்டினாள். முத்திரை சுவரைப் பார்த்துக்கொண்டது.

பிறகு பேனாவை மூடாமல் மாமாவின் பக்கம் நீட்டினாள்.

ஹாரன் இரண்டாம் தடவை ஒலித்தது. புவனேந்திரன் அக்குளில் இருந்த பேப்பரை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவை வாங்கவில்லை. வாசலைப் பார்த்தார். அங்கே மேனேஜர் கோ நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காள் தள்ளிய நாற்காலி புவனேந்திரன் முழங்காலில் இடித்துக்கொண்டு அப்படியே இருந்தது.